கடல் சூடானால் ராட்சதச் சிப்பிக்கு என்ன ஆகும்?

1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் கடல் வழக்கத்தை மீறிச் சூடானது. அங்கே டவுன்ஸ்வில் நகருக்கு வடக்கே ஆர்ஃபியஸ் என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் அந்தத் தீவில்தான். 1980களில் ராட்சதச் சிப்பிகளைக் குஞ்சு பொரித்து வளர்த்துப் பார்க்கும் வேலை அங்கே பெரிய அளவில் நடந்தது. அதனால் 1998இல் அந்தக் கரையோர நீரில் சுமார் 9000 சிப்பிகள் இருந்தன. அந்தக் கோடையில் அவற்றில் 8000க்கும் மேற்பட்டவை கொஞ்சமாகவோ முழுதாகவோ வெளுத்துவிட்டன. பச்சையும் பழுப்புமாக இருந்த சதை சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிட்டது.

அடுத்து வந்த மாதங்களில் அவற்றில் பெரும்பாலானவை பழைய நிறத்துக்குத் திரும்பின.

பவளப்பாறைகள் வெளுப்பதைப் பற்றிச் செய்திகளில் நிறையப் படித்திருப்போம். அதே வெப்பத்தில், அதே இடத்தில், அதே காரணத்தால் ராட்சதச் சிப்பியும் வெளுக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது கொஞ்சம் வேறு. அந்த வேறுபாட்டில்தான் அது மீண்டு வருவதற்கான வழியும் இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், இது என்ன உயிர்?

இரண்டு ஓடு கொண்ட மட்டி வகைதான். நம் கரையோரங்களில் அவித்துத் தின்னும் மட்டிக்குத் தூரத்துச் சொந்தம். செங்கடலில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வழியாகப் பசிபிக்கின் பாலினீசியத் தீவுகள் வரை சுமார் பன்னிரண்டு இனங்கள் இருக்கின்றன. எல்லாமே ராட்சதம் இல்லை. டிரைடாக்னா குரோசியா என்னும் இனம் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாது. பவளப்பாறையைக் குடைந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். டிரைடாக்னா கைகாஸ்தான் பெயருக்கு ஏற்ற இனம். 137 சென்டிமீட்டர் வரை ஓடு, 200 கிலோவுக்கு மேல் எடை, பல பத்தாண்டு ஆயுள்.

முத்துக்குளிப்பவரின் காலைக் கவ்விப் பிடித்து மூழ்கடித்துவிடும் என்ற கதை உலகம் முழுவதும் உண்டு. பாவம், வளர்ந்த கைகாஸால் தன் ஓட்டை முழுதாக மூடவே முடியாது. அதுவும் மெதுவாகத்தான் மூடும்.

மற்ற சிப்பிகள் பலவும் மணலில் புதைந்து, ஓட்டை ஒட்டி மூடி ஒளிந்திருக்கும். இது நேர்மாறு. ஆழம் குறைந்த தெளிந்த நீரில், வாயைப் பிளந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடக்கும். ஓட்டின் விளிம்பைத் தாண்டி வண்ணமயமான, சுருக்கம் சுருக்கமான சதை வெளியே விரிந்திருக்கும். மேன்டில் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்போமே, அதுதான் இந்தச் சதை. வெயில் படுவதற்காகவே அதை விரித்து வைத்திருக்கிறது. ஏனென்றால் அந்தச் சதைக்குள் கோடிக்கணக்கில் பாசிகள் குடியிருக்கின்றன.

சதைக்குள் ஒரு பாசி வயல்

கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் இவை. சூசாந்தெல்லே என்பது இவற்றின் பொதுப்பெயர். பவளங்களுக்குள் இருப்பதும் இதே குடும்பத்துப் பாசிகள்தான். வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கின்றன. அதில் பெரும்பங்கு, முக்கியமாகக் குளுக்கோஸாக, சிப்பிக்குப் போய்ச் சேர்கிறது. பதிலுக்குச் சிப்பி தன் மூச்சில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடையும், கழிவில் இருக்கும் நைட்ரஜனையும் கொடுக்கிறது. சும்மா கொடுப்பதோடு நிற்பதில்லை. பாசி இருக்கும் இடத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அமிலத்தன்மையாக்கி, அங்கே கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகக் கிடைக்கும்படி செய்கிறது. வெளிச்சத்தையும் அதுவே பங்கிட்டுத் தருகிறது. மேன்டிலின் மேற்பரப்பில் இரிடோசைட் எனப்படும் தனிவகைச் செல்கள் உண்டு. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் நிறங்களை அவை சதைக்குள் ஆழமாகச் சிதறவிட்டு, தேவையில்லாததைத் திருப்பியடிக்கின்றன. ராட்சதச் சிப்பிகளில் நாம் பார்த்து மயங்கும் நீலமும் பச்சையும் தங்கமும் இந்தச் செல்கள் திருப்பியடிக்கும் ஒளிதான். சதைக்கு அடிநிறமாக இருக்கும் பழுப்பு பாசியுடையது.

சரி, பாசி சதைக்குள் எங்கே இருக்கிறது? பவளத்தில் அது பவளத்தின் செல்லுக்குள்ளேயே இருக்கும். சிப்பியில் அப்படியில்லை. இதைத் தெளிவாகக் கண்டது 1992இல்தான். சிப்பியின் வயிற்றிலிருந்து ஒரு குழாய் கிளம்புகிறது. அது மேன்டிலுக்குள் போய், ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வரப்போரத்துச் சிறு மடை என்று வயலுக்குத் தண்ணீர் பிரிவதுபோல, மேலும் மேலும் மெல்லிய குழாய்களாகப் பிரிகிறது. கடைசியில் இருக்கும் நுண்குழாய்களில்தான் பாசிகள் வெயிலுக்கு நேராக அடுக்கடுக்காக நிற்கின்றன. அதாவது, பாசி சிப்பியின் செல்லுக்குள் இல்லை. உடம்புக்குள் இருக்கும் ஒரு குழாயில் இருக்கிறது. அந்தக் குழாய் வயிற்றோடு சேர்ந்திருக்கிறது.

இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வெப்பம் ஏறும்போது

ஓர் இடத்தில் கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பநிலை என்று ஒன்று இருக்கும் அல்லவா, அதைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரம் அப்படியே நீடித்தால் பவளங்கள் வெளுக்கத் தொடங்கும் என்பது கடல் ஆய்வாளர்கள் பொதுவாகக் கையாளும் அளவுகோல். சிப்பிகளும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் தடுமாறுகின்றன. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். இந்த உயிர்கள் ஏற்கெனவே தாங்கக்கூடிய எல்லையை ஒட்டித்தான் வாழ்கின்றன. அதனால் அந்த ஒரு டிகிரியே போதும்.

முதல் அடி விழுவது பாசியின் மேல். வெயிலை வாங்கிச் சர்க்கரையாக்கும் இயந்திரம் வெப்பத்தில் பழுதாகிறது. ஆனால் வெயில் வந்துகொண்டே இருக்கிறது. வாங்கிய ஒளியாற்றலைச் சரியாகச் செலவழிக்க வழியில்லாமல், ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் பாசிக்குள் உருவாகின்றன. அவை பாசியையும் அரிக்கும், கசிந்து வந்து சிப்பியின் திசுக்களையும் அரிக்கும். வெப்பம் மட்டும் இருப்பதைவிட வெப்பமும் கடும் வெயிலும் சேர்ந்தால் சேதம் அதிகம் என்பதற்கு இதுவே காரணம். காற்றில்லாத, மேகமில்லாத, கண்ணாடி மாதிரி கடல் கிடக்கும் நாட்கள்தான் மிக மோசம். கடற்கரையில் நிற்பவருக்கு அருமையான நாளாகத் தெரியும்.

சிப்பி உடனே கைவிட்டுவிடுவதில்லை. டிரைடாக்னா மாக்சிமா என்னும் இன்னொரு ராட்சதச் சிப்பி இனத்தை வைத்து, பசிபிக் தீவுகளான ஃபிரெஞ்சு பாலினீசியாவில் செய்த சோதனைகளில், வெளுப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சிப்பியின் மரபணுக்கள் சில மும்முரமாவதைப் பார்த்திருக்கிறார்கள். நச்சு ஆக்சிஜனை முறிக்கும் புரதங்களைத் தயாரிப்பவை சில. செல் சவ்வின் கொழுப்பு அமைப்போடு தொடர்புடையவை சில. சூட்டில் சவ்வு இளகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் முயற்சி இது.

இதற்கெல்லாம் செலவு உண்டு. வெப்பம் ஏறும்போது சிப்பியின் மூச்சு வேகமாகிறது. உயிரோடு இருப்பதற்கே கூடுதல் சாப்பாடு வேண்டும். அதே நேரத்தில்தான் பாசியிடமிருந்து வரும் சாப்பாடு குறைகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த இடத்தில்தான் சிப்பி மெலியத் தொடங்குகிறது.

இன்னும் வெப்பம் நீடித்தால், பாசிகள் மேன்டிலிலிருந்து வெளியேறுகின்றன. சில செத்துச் சிதைகின்றன, சிலவற்றைச் சிப்பி செரித்துவிடுகிறது, சில குழாய் வழியாகத் திரும்பி வயிற்றுக்கு வந்து மலத்தோடு வெளியே போகின்றன. ஆர்ஃபியஸில் வெளுத்த சிப்பிகளில் பாசியின் எண்ணிக்கை முப்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அவற்றின் ரத்தத்தில் குளுக்கோஸும் இறங்கியிருந்தது. பாசி இல்லாததால் சதையின் அடிநிறம் போய், ஓட்டின் வெண்மைக்கு எதிரே வெளிறிய சதை தெரியும். இரிடோசைட்கள் அங்கேயேதான் இருக்கும் என்பதால், சில சிப்பிகளில் அந்த வெளிறிய சதையின் மேல் மெல்லிய நீல மினுக்கம் மட்டும் தங்கியிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பட்டினி கிடக்கும் உயிர் அது.

நீருக்கடியில் இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெளுத்ததா, செத்துக்கொண்டிருக்கிறதா என்பதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மேன்டிலின் ஓரத்தில் ஊசித்துளை போன்ற சிறு கண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன. மேலே நிழல் படிந்தால் சிப்பி சதையை உள்ளே இழுத்து ஓட்டைக் கொஞ்சம் மூடும். வெள்ளைவெளேர் என்று இருந்தாலும் இந்தத் துடிப்பு இருந்தால் அது தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓடு அகலப் பிளந்து, சதை ஓரத்தை எட்டாமல் உள்ளே தொய்ந்து கிடந்து, நிழலுக்கும் அசையவில்லை என்றால் நிலைமை மோசம். தொட்டுப் பார்க்க வேண்டாம், நிழலே போதும்.

மீள்வது எப்படி?

பாசி போனதும் சிப்பிக்கு இன்னொரு வாய் இருக்கிறது என்பதுதான் முதல் ஆறுதல். பெரும்பாலான மட்டிகளைப் போல அதுவும் செவுள் வழியாகக் கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சாப்பிடும். கிரேட் பேரியர் ரீஃபில் கைகாஸ் இனத்தை வைத்துப் போட்ட ஒரு கணக்கு உண்டு. சின்னஞ்சிறு சிப்பி தனக்கு வேண்டிய கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வடிகட்டிச் சாப்பிடுவதில் பெறுகிறது. வளர வளரப் பாசியின் பங்கு கூடி, வடிகட்டுவதன் பங்கு மூன்றில் ஒன்றாகிறது. பங்கு குறைந்தாலும் அந்தத் திறமை போய்விடுவதில்லை. பாசியில்லாத மாதங்களில் இந்த மூன்றில் ஒன்றோடும், உடம்பில் சேர்த்து வைத்த இருப்போடும்தான் சிப்பி காலம் தள்ளுகிறது. பெரிய சிப்பிக்குப் பாசியை நம்பியிருக்கும் அளவும் அதிகம், கையிருப்பும் அதிகம். சிறியது இரண்டிலும் எதிர்ப்பக்கம். எனவே பெரிதுதான் தாங்கும், சிறிதுதான் தாங்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அந்த இடத்து நீரில் உணவு எவ்வளவு மிதக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் அந்தக் குழாய். வெளுத்த கைகாஸ் சிப்பிகளின் மேன்டிலை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், கடைசிக் கிளையான நுண்குழாய்கள் சுருங்கித் தேய்ந்திருப்பதை 1995இல் எழுதினார்கள். தண்ணீர் நின்ற மடை தூர்ந்துபோவது மாதிரிதான். ஆனால் வயிற்றுக்கும் மேன்டிலுக்கும் இடையிலான பாதை அழிந்துவிடுவதில்லை. கடல் குளிர்ந்ததும், உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பாசிகள் பெருகத் தொடங்குகின்றன. பாசி திரும்பப் பெருகும்போது நுண்குழாய்களும் திரும்ப வளர்கின்றன. அடிநிறம் திட்டுத்திட்டாகத் திரும்பி வரும். இது வாரங்களில் முடிகிற வேலை இல்லை, மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம், புதுப் பாசியும் வரலாம். ராட்சதச் சிப்பியின் குஞ்சு தாயிடமிருந்து பாசியோடு பிறப்பதே இல்லை. முட்டை பொரித்த சில நாட்களில், நீரில் நீந்தும் பருவத்தில், கடலில் கிடைக்கும் பாசியை விழுங்கித்தான் அதைப் பெறுகிறது. விழுங்கியதில் செரிக்காமல் பிழைப்பவை, குழாய் உருவானதும் அதில் குடியேறுகின்றன. ஒவ்வொரு சிப்பியும் தன் வாழ்க்கையைத் தொடங்கியதே இப்படித்தான்.

கடலில் அந்தப் பாசி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி மற்ற சிப்பிகளிடமிருந்தே வரலாம். வெளுக்காத, நலமாக இருக்கும் சிப்பியும் அன்றாடம் கொஞ்சம் பாசியை மலத்தோடு வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மலத்தில் இருக்கும் பாசிகள் பல உயிரோடு, ஒளிச்சேர்க்கை செய்யும் நிலையில் இருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குஞ்சுப் பவளங்கள்கூட அதிலிருந்து பாசியைப் பெற முடிகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு பெரிய சிப்பி தன்னைச் சுற்றியிருக்கும் பாறைத்திட்டுக்கே விதைக் களஞ்சியமாக இருக்கிறது, அதுவும் மலத்தின் வழியாக!

பாசியில் வகைகளும் உண்டு. டூருஸ்டினியம் என்னும் வகை வெப்பத்தை மற்றவற்றைவிடத் தாங்கும். ஒரே சிப்பிக்குள் இரண்டு மூன்று வகைகள் கலந்து இருக்கலாம். இந்தோனேசியக் கடல்களில் எடுத்த மாதிரிகளில் இடத்துக்கு இடம் இந்தக் கலவை மாறுகிறது. வெளுப்புக்குப் பிறகு தாங்கும் வகை மிகுந்துவிட்டால் அடுத்த கோடையைச் சமாளிக்கலாம் என்பது கணக்கு. பவளங்களில் இப்படி மாறுவது நடக்கிறது. ஆனால் அந்தத் தாங்கும் வகை குறைந்த சர்க்கரையே தருவதால் பவளத்தின் வளர்ச்சி மந்தமாகிறது. இதை ஒரு தீர்வாகப் பெரிதுபடுத்துபவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் தயங்குவேன்.

மீளாமல் போகும்போது

ஆர்ஃபியஸ் நல்லபடியாக முடிந்த கதை. டட்டக்கோட்டோ அப்படி முடியவில்லை. ஃபிரெஞ்சு பாலினீசியாவின் துவாமோட்டுத் தீவுக்கூட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பவளத்தீவு அது. நடுவில் கடல்நீர் தேங்கி நிற்கும் காயல், சுற்றிலும் வளையமாகத் தரை. வெளிக்கடலோடு ஆழமான வாய் எதுவும் கிடையாது. விளிம்பைத் தாண்டி அடிக்கும் அலைதான் உள்ளே இருக்கும் நீரை மாற்றுகிறது. அந்தப் பகுதிக் காயல்களில் மாக்சிமா சிப்பி சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் கூட நெருங்கிக் கிடக்கும். செத்த ஓடுகளும் உயிருள்ளவையும் மேலே மேலே சேர்ந்து சிறு திட்டுகளாகவே எழும்பியிருக்கும். மாப்பிக்கோ என்று அவற்றுக்கு உள்ளூர்ப் பெயர். சிப்பியின் பெயர் பாஹுவா, அங்கத்தியவர்களின் அன்றாடச் சாப்பாடு.

2009இல் காற்று அடங்கி, அலை அடங்கி, காயலின் நீர் மாறாமல் நின்று சூடேறியது. சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு கணக்கெடுத்தபோது, பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட சிப்பிகள் போயிருந்தன.

ஆர்ஃபியஸ் திறந்த கடலோரம். நீரோட்டம் உண்டு, உணவு வரும், கோடை முடிந்ததும் நீர் மாறும். டட்டக்கோட்டோவில் நீரே சிறைப்பட்டிருந்தது. நின்ற நீரில் சூடு மட்டும் பிரச்சினை இல்லை. ஆக்சிஜன் குறைகிறது, வடிகட்டிச் சாப்பிட உணவு தீர்ந்துபோகிறது. சிப்பியின் இரண்டு வாயும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிடுகிறது. எனவே எத்தனை டிகிரி ஏறியது என்பதைவிட, எத்தனை வாரம் நீடித்தது, நீர் ஓடியதா நின்றதா என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

பிழைத்த சிப்பிக்கும் கடன் மிச்சம் இருக்கும். ராட்சதச் சிப்பியின் ஓட்டை அறுத்து மெருகேற்றிப் பார்த்தால் உள்ளே மெல்லிய கோடுகள் தெரியும், ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில். பழங்காலக் கடலின் வெப்பத்தை அறிய ஆய்வாளர்கள் புதைபடிவச் சிப்பிகளின் இந்தக் கோடுகளையே படிக்கிறார்கள். உடம்பு தேறுவதற்கே சக்தி போதாதபோது ஓடு வளர்ப்பது பின்னுக்குப் போகிறது. முட்டை போடுவதும் அப்படித்தான். வளர்ந்த கைகாஸ் ஒரே தடவையில் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடலில் விடக்கூடியது. விந்து வேறொரு சிப்பியிடமிருந்து நீரில் மிதந்து வந்து சேர வேண்டும். பக்கத்தில் இன்னொரு சிப்பி இல்லாவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை வீண். வெளுப்பில் பாதிச் சிப்பிகள் செத்தால், மிச்சமிருப்பவை உயிரோடு இருந்தும் சந்ததி இல்லாமல் போகலாம்.

இடைவெளிதான் இன்னொரு சிக்கல். கைகாஸ் முட்டையிடும் பருவத்துக்கு வளரப் பத்தாண்டு அளவில் ஆகிறது. உலகளாவிய பவள வெளுப்பு என்று பதிவானவை 1998, 2010, 2014 முதல் 2017 வரை, பிறகு 2023இல் தொடங்கியது. நான்காவதான இதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஒரு தலைமுறை முழுதாக வளர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. இறைச்சிக்கும் ஓட்டுக்கும் அள்ளியதால் கைகாஸ் ஏற்கெனவே பல நாட்டுக் கடல்களில் அற்றுப்போய்விட்டது. 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக வகைப்படுத்தியது.

இந்தியக் கடலில் பார்க்க வேண்டுமானால் லட்சத்தீவும் அந்தமானும்தான் முக்கியமான இடங்கள். லட்சத்தீவில் மாக்சிமா, ஸ்குவாமோசா என்னும் இரண்டு ராட்சதச் சிப்பி இனங்கள் இருக்கின்றன. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை. எனவே ஓட்டை எடுத்துவந்து வரவேற்பறையில் வைப்பதும் குற்றம்தான். அந்தத் தீவுகளின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016, 2024 என்று திரும்பத் திரும்ப வெளுத்திருக்கின்றன. சிப்பிகள் உட்கார்ந்திருப்பதும் அந்தப் பாறைகளில்தான்.

கடலைக் குளிர்விக்க யாராலும் முடியாது. ஆனால் பொரிப்பகத் தொட்டிகளிலும் கடலில் வைக்கும் கூண்டுகளிலும் செய்யக்கூடியவை உண்டு. வெப்ப அலை எச்சரிக்கை வந்ததும் மேலே நிழல் வலை கட்டலாம். வெயில் குறைந்தால் அழுத்தமும் குறையும். கூண்டைச் சில மீட்டர் ஆழத்துக்கு இறக்கலாம். தொட்டியில் இருப்பவற்றுக்கு மிதவைப் பாசியைக் கூடுதலாகத் தீவனமாகக் கொடுக்கலாம். பாஹுவாவைப் போல உணவுக்காக எடுக்கும் இடங்களில், வெளுத்த ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் எடுப்பதை நிறுத்தி வைக்கலாம். வெள்ளையாகிவிட்டது, எப்படியும் செத்துவிடும் என்று அள்ளிவிடுவதுதான் பெரிய தவறு. அந்த வெள்ளைச் சிப்பிகளுக்குள்தான் அடுத்த தலைமுறைக்கான முட்டைகளும், சுற்றியிருக்கும் பாறைக்கான பாசி விதையும் இருக்கின்றன.